வேம்பூர்ப் பொட்டாடு: சிறு நிலத்தில் ஓர் அரிய இனமும் மேய்ச்சல் உரிமையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களின் கரிசல் காட்டில் உருவான செம்மறி இனம் வேம்பூர் ஆடு. வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம் ஆகிய ஊர்களையும் அவற்றையொட்டிய விருதுநகர் மாவட்டச் சிற்றூர்களையும் தாயகமாகக் கொண்டது. வெண்ணிற உடலில் சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறத் திட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பதால் மக்கள் இதனைப் பொட்டாடு என்கின்றனர். கரந்தை ஆடு என்னும் பெயரும் உண்டு. நெடிய கால்கள், தொங்கும் நடுத்தரக் காதுகள், குட்டையான மெல்லிய வால், கிடாவுக்கு மட்டும் கொம்பு ஆகியவை இதன் அடையாளங்கள். கம்பளி தராது; உடலை மூடியிருப்பது குட்டை மயிரே. வளர்ந்த கிடா ஏறத்தாழ 35 கிலோவும் பெட்டை ஏறத்தாழ 28 கிலோவும் நிற்கும்.

தமிழ்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட செம்மறி இனங்கள் பத்து. இறைச்சிக்குப் பெயர்பெற்ற மேச்சேரி ஆட்டுக்குச் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. நீலகிரி ஆட்டின் மந்தையொன்று சாண்டிநல்லா நிலையத்தில் காக்கப்படுகிறது. அத்தகைய பேறு எல்லா இனங்களுக்கும் வாய்க்கவில்லை. வேம்பூரின் அண்டை இனமான கீழக்கரிசலைத் தூய நிலையில் காண இன்று ஊர் ஊராகத் தேட வேண்டியுள்ளது. வேம்பூர் ஆட்டின் எண்ணிக்கை அந்த அளவுக்குச் சுருங்கிவிடவில்லை என்றாலும், கண்ட கிடாவுடன் கலந்து கலந்து அதன் தூய மந்தைகள் அரிதாகி வருகின்றன.

இந்த இனங்களைக் காப்பது பற்றிய எழுத்துகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை மண்ணின் மரபு, முன்னோர் அறிவு என்று தொடங்கி ஒரு வெற்றிக் கதையோடு முடிகின்றன. ஆட்டின் காது எவ்வளவு நீளம் என்று அளந்து சொல்லும் அந்த எழுத்துகள், ஆட்டை ஓட்டிச் சென்றவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், அவர் நின்ற நிலம் யாருடையது, மாலையில் ஆடு எவர் தொழுவத்துக்குத் திரும்பியது என்று கேட்பதில்லை. நாம் இங்கே இரண்டையும் சேர்த்தே பேச விரும்புகிறோம். ஆடு வளர்க்க எண்ணும் தலித் குடும்பத்துக்கும் அக்குடும்பத்தோடு நிற்கும் களப்பணியாளர்க்கும் வேண்டிய நடைமுறைச் செய்திகளைத் தருவதோடு, ஓர் அரிய இனம் நிலைப்பதும் மேய்ச்சல் நில உரிமையும் எவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்பதையும் காட்ட முயல்கிறோம்.

வாரத்து ஆடு

கரிசல் காட்டில் செம்மறி வளர்ப்பு என்றவுடன் இடையர் சமூகத்தின் பெயரே முன்வரும். அவர்களுடைய அறிவையும் உழைப்பையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அது முழுக் கதையன்று. நிலமற்ற தலித் குடும்பங்கள் நீண்டகாலமாக ஆடு வளர்த்தே வந்துள்ளன. தமக்குச் சொந்தமில்லாத ஆட்டை வளர்த்து வந்தன என்பதே வேறுபாடு. ஆட்டுக்காரர் ஒரு பெட்டையைக் கொடுப்பார். வாங்கியவர் மேய்த்து, நோய் பார்த்து, ஈற்றுப் பார்த்து வளர்ப்பார். பிறக்கும் குட்டிகளில் பாதி வளர்த்தவருக்கு, பாதி உடையவருக்கு. தாய் ஆடு எப்போதும் உடையவருக்கே. வாரத்துக்கு வளர்த்தல் எனப்படும் இம்முறை தமிழ்நாட்டின் பல பகுதிகளில் வழங்குவது.

இம்முறையில் ஒரு நுட்பமான இழப்பு உண்டு. எந்தக் குட்டியை நிறுத்துவது, எதை விற்பது, எந்தக் கிடாவோடு சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பவர் ஆட்டின் உடைமையாளர். ஓர் இனத்தை உருவாக்குவது இந்தத் தீர்மானங்களே. நாள்தோறும் ஆட்டோடு நின்று அதன் குணமறிந்தவருக்கு அந்த உரிமை இல்லை. பின்னர் இனப் பாதுகாப்புக்கான பட்டியல் தயாரிக்க வருபவரும் உடைமையாளரின் பெயரையே எழுதிச் செல்கிறார். வைகறையில் பட்டியைக் கூட்டி, குட்டிகளைக் கூடையால் கவிழ்த்துவைத்து, தழை ஒடித்துவந்து போடும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கிடை போடுதலையும் இங்கே நினைவுகூர வேண்டும். அறுவடை முடிந்த புன்செய்யில் மந்தையை இரவில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேரே நிலத்தில் சேரும். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது உழவர் வழக்கு. ஆட்டு எருவில் ஏறத்தாழ 3 விழுக்காடு தழைச்சத்தும் 1 விழுக்காடு மணிச்சத்தும் 2 விழுக்காடு சாம்பல்சத்தும் உள்ளன. தொழுவுரத்தைவிட இது வலிமையானது. நிலக்காரர் இதற்குக் கூலி கொடுப்பார். ஆனால் கிடை என்பது பெரிய மந்தைக்கும், நிலக்காரரோடு பேசி முடிவு செய்யும் நிலைக்கும் உரியது. பத்து ஆடு வைத்திருக்கும் சேரிக் குடும்பத்துக்கு அந்த வாயில் எளிதில் திறப்பதில்லை. கரிசல் இலக்கியமே இதற்குச் சான்று. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலும் அதைத் தழுவி அம்ஷன் குமார் இயக்கிய ‘ஒருத்தி’ (2003) திரைப்படமும் ஆட்டுக்கிடையைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. அவற்றில் ஆடு மேய்க்கும் செவனி ஒரு தலித் பெண். வேளாண் நூல்கள்தாம் பிரித்துப் பார்க்கின்றன.

இரண்டு ஏக்கரும் பத்துப் பெட்டையும்

நம் கணக்குக்கு ஒரு சிறு பண்ணையை எடுத்துக்கொள்வோம்: இரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல், பத்துப் பெட்டை, ஒரு கிடா.

வாங்கும்போது சந்தைக்கு ஓடுவதைவிட, வேம்பூர் வட்டாரத்தில் மந்தை வைத்திருப்பவரிடம் நேரில் வாங்குவதே நலம். எட்டயபுரம் சந்தை பெரியது. ஆனால் அங்கே நிற்கும் ஆடு எந்த ஊரில் பிறந்தது, தாய் எது என்று சொல்வாரில்லை. பொட்டு இருப்பதாலேயே ஓர் ஆடு வேம்பூர் ஆடாகிவிடாது. தாயையும், இயன்றால் உடன்பிறந்த குட்டிகளையும் பார்த்து வாங்க வேண்டும். பல்லைப் பார்த்து வயதறியலாம்: பால்பல் உதிர்ந்து இரண்டு பல் முளைத்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது, நான்கு பல் என்றால் ஏறத்தாழ இரண்டு, எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் நான்கை நெருங்கியது என்று கொள்ளலாம். இரண்டு பல், நான்கு பல் பெட்டைகளே தொடங்குவதற்கு ஏற்றவை.

கொட்டகைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஓர் ஆட்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி போதும். கிழக்கு மேற்காக நீளம் அமைய, மேட்டில், தண்ணீர் தேங்காமல் இருக்க வேண்டும். கரிசல் மண் மழையில் குழம்பாகிவிடும். ஈரத் தரையில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். எனவே சரளையோ செம்மண்ணோ கொட்டித் தரையை உயர்த்துவதற்குச் செலவிடலாம். கூரைக்குப் பனையோலை போதும்.

தீவனத்தில்தான் உண்மையான கணக்கு இருக்கிறது. செம்மறியாடு தன் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு உலர்தீவனம் உண்ணும். 28 கிலோ பெட்டைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. பத்துப் பெட்டை, ஒரு கிடா, வளரும் குட்டிகள் என்று சேர்த்தால் நாளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆண்டுக்கு நான்கு டன்னைத் தாண்டும். ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும் நாட்டில், இரண்டு ஏக்கர் தரும் சோளத்தட்டையும் உளுந்துப் பொட்டும் இதில் ஒரு பகுதிக்கே காணும். வரப்பில் அகத்தி, வேம்பு, குடைவேல் வைக்கலாம். அரை ஏக்கரில் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் மூன்றுக்கு ஒன்று என்னும் அளவில் கலந்து விதைக்கலாம். இரண்டுமே வறட்சி தாங்குபவை, ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நிற்பவை. கோடையில் சீமைக்கருவேலத்தின் பழுத்த நெற்று கைகொடுக்கும். மண்ணைக் கெடுக்கும் மரமென்று அதை வெட்டச் சொல்வோர் கோடை மாதங்களில் ஏழையின் ஆடு எதைத் தின்று பிழைக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு செய்தும் மீதித் தீவனம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்: கண்மாய்க் கரை, ஓடைப் புறம்போக்கு, தரிசு, அறுவடை முடிந்த அடுத்தவர் காடு. ஆகவே சிறு பண்ணை என்பது பட்டாவில் எழுதப்பட்ட இரண்டு ஏக்கர் மட்டுமன்று. அந்த இரண்டு ஏக்கரும் ஊர்ப் பொதுநிலத்தில் அக்குடும்பத்துக்குள்ள பங்கும் சேர்ந்ததே பண்ணை. பொதுநிலம் மறுக்கப்பட்டால் முதலில் போவது வேம்பூர் ஆடுதான். நெடுங்கால்களோடு நாளெல்லாம் நடந்து மேய்வதற்கென்று வளர்ந்த இனத்தைக் கட்டிப் போட்டு வளர்ப்பதில் இலாபமில்லை.

இனப்பெருக்கத்தில் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. பெட்டை 17 நாள்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். கிடாவைச் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைக்குக் கைப்பிடி தானியமோ பிண்ணாக்கோ கூடுதலாகக் கொடுத்தால் சினைபிடிப்பது சீராக இருக்கும். மழைக்குப் பின்னர்த் தழைக்கும் பசுமையில் குட்டி வளருமாறு ஈற்றைக் கணித்துக்கொள்வது பழைய மேய்ப்பர் வழக்கம்.

நோய்களைப் பொறுத்தவரை, தென்மாவட்டச் செம்மறிக்குப் பெரும் பகை நீலநாக்கு நோய். வடகிழக்குப் பருவமழையோடு பெருகும் சிறு கொசு போன்ற பூச்சிகள் இதைப் பரப்புகின்றன. முகம் வீங்கி, வாயில் புண் வந்து, கால் நொண்டும். மழை தொடங்கும் முன்னரே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் தடுப்பூசி. மழை பெய்து முளைக்கும் இளம்புல்லை ஆடு வெறும் வயிற்றில் மேய விடுவதும் இந்நோய்க்கு வழி திறக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று நான்கு மாதக் குட்டியிலிருந்து தடுப்பூசி தொடங்கலாம்; ஒருமுறை போட்டால் சுமார் மூன்று ஆண்டு காக்கும். குடற்புழு நீக்கம் மழைக்கு முன்னும் பின்னும். இவை அனைத்தும் அரசு கால்நடை மருந்தகங்கள் வழியே கிடைக்கக்கூடியவை. மருத்துவக் குழு ஊருக்கு வரும்போது முகாம் எந்தத் தெருவில் நடக்கிறது என்பதைக் களப்பணியாளர்கள் கவனிக்க வேண்டும். ஊர்த் தெருவில் முகாமிட்டுவிட்டுச் சேரிக்கு ஆள் அனுப்பாமல் திரும்பினால், சேரி ஆடுகளுக்கு மட்டுமன்று, ஊர் ஆடுகளுக்கும் காப்பில்லை. நோய்க்கிருமி தெருப் பிரிவினை அறியாது.

நல்ல கிடா ஏன் நிற்பதில்லை

ஓர் இனம் தேய்வதற்குக் கலப்பு மட்டுமே காரணமன்று. பக்ரீத்துக்கும் கோயில் கொடைக்கும் நல்ல உயரமும் கொம்பும் கொண்ட கிடாவுக்குப் பெருவிலை கிடைக்கிறது. ஆகவே மந்தையின் மிகச் சிறந்த கிடாக்குட்டி முதலில் விற்கப்படுகிறது. விலை போகாமல் நின்றது பட்டியில் தங்கி அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. ஆண்டுக்கு ஆண்டு இதுவே நடந்தால் இனம் கீழ்நோக்கித் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வசதியுள்ளவர் ஒரு கிடாவை விற்காமல் நிறுத்திவைக்கலாம். பள்ளிக் கட்டணத்துக்கும் கந்துவட்டிக்கும் அந்தக் கிடாவையே நம்பியிருக்கும் குடும்பம் எப்படி நிறுத்தும்? எனவே இதை அறியாமை என்று திட்டுவது பொருந்தாது. நல்ல கிடாவை நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை ஏழைக் குடும்பம் தனியே சுமக்க முடியாது.

தனியே சுமக்க முடியாதது இன்னொன்றும் உண்டு. சிறு மந்தையில் ஒரே கிடா நின்றால் இரண்டாம் தலைமுறையில் மகளே தகப்பனோடு சேரும். உறவுக்கலப்பால் குட்டி எடை குறையும், இறப்பு கூடும், சினைபிடிப்பு தவறும். இதை அளக்க மரபியலில் எளிய வாய்பாடு ஒன்றுள்ளது. கிடாக்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது மந்தையின் பயனுறு எண்ணிக்கை. அதன் இருமடங்கால் ஒன்றை வகுத்தால் தலைமுறைக்கு ஏறும் உறவுக்கலப்பின் அளவு கிடைக்கும்.

நம் பண்ணைக்கு ஒரு கிடா, பத்துப் பெட்டை: பயனுறு எண்ணிக்கை 3.6, தலைமுறைக்கு உறவுக்கலப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு. இது தாங்காது. பாதுகாப்பு மந்தைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கீழ்வரம்பு 50. அதாவது தலைமுறைக்கு 1 விழுக்காடு. அதே அளவுள்ள பதினான்கு குடும்பங்கள் தங்கள் கிடாக்களைத் தமக்குள் சுற்றுக்கு விட்டு ஒரே மந்தையாகக் கருதினால், 14 கிடா, 140 பெட்டை: பயனுறு எண்ணிக்கை 50.9. தனித்தனியே அழிந்துபோகும் பதினான்கு பட்டிகள் சேர்ந்தால் ஓர் இனத்தைத் தாங்கும் மந்தையாகின்றன.

சுற்றுக்கு விடுவதற்கும் ஒரு காலம் உண்டு. கிடா வந்து சேர்ந்த ஐந்து மாதத்தில் முதல் குட்டிகள் பிறக்கும். அந்தப் பெட்டைக்குட்டிகள் ஏறத்தாழ ஒரு வயதில் பருவத்துக்கு வரத் தொடங்கும். எனவே ஒன்றரை ஆண்டுக்குள் கிடா அடுத்த பட்டிக்குப் போய்விட வேண்டும். முதல் குடும்பத்தின் கிடா இரண்டாம் குடும்பத்துக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு என்று ஒரே திசையில் சென்றால் குழப்பமில்லை. எந்தக் குட்டிக்கு எந்தக் கிடா தகப்பன் என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதிவந்தால் போதும். சிறந்த கிடாக்குட்டியை நிறுத்தும் குடும்பத்துக்குச் சந்தை விலையில் ஒரு பகுதியைச் சுழல்நிதியிலிருந்து ஈடுசெய்யலாம். மகளிர் குழுக்கள் இதற்கு ஏற்ற அமைப்பு. குழுவுக்கு ஒரு தொங்கு தராசும் வேண்டும். ஆட்டைத் தூக்கிப் பார்த்துக் கண் மதிப்பில் விலை சொல்லும் வியாபாரியிடம், எடை தெரிந்த பெண் பேசும் பேச்சு வேறு.

யாருக்கு வடிவமைத்த திட்டம்

இனி அரசுத் திட்டங்களுக்கு வருவோம். மாற்றியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம் 2021 முதல் செம்மறி, வெள்ளாட்டுப் பண்ணை அமைக்க 50 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. அதன் மிகச் சிறிய அலகே 100 பெட்டை, 5 கிடா. அதற்கு மானிய உச்சவரம்பு 10 இலட்சம் ரூபாய். மிகப் பெரியது 500 பெட்டை, 25 கிடா. உச்சவரம்பு 50 இலட்சம். மீதிப் பாதியை வங்கிக் கடனாகவோ கைப்பணமாகவோ திரட்ட வேண்டும். நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ கையில் இருக்க வேண்டும். பத்து ஆட்டுக்காரருக்கு இந்தத் திட்டத்தின் முதற்படியே எட்டாது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பட்டியல் சாதியினரிடம் இருப்பவை 11.9 விழுக்காடு, பரப்பளவில் 8.6 விழுக்காடு. சராசரி அளவு ஒரு ஹெக்டேருக்கும் கீழே. இந்தப் புள்ளிவிவரத்தையும் நூறு பெட்டை என்னும் நிபந்தனையையும் அருகருகே வைத்தால், இத்திட்டத்தின் விண்ணப்பப் படிவம் யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பது விளங்கும்.

இனப் பாதுகாப்பின் கண்ணோட்டத்திலும் இந்த நிபந்தனை சரியானதன்று. மேற்சொன்ன வாய்பாட்டையே பயன்படுத்துவோம். ஒரே பண்ணையில் 100 பெட்டையும் 5 கிடாவும் இருந்தால் பயனுறு எண்ணிக்கை 19. தலைமுறைக்கு உறவுக்கலப்பு 2.6 விழுக்காடு. அதே 100 பெட்டை பத்துக் குடும்பங்களிடம், குடும்பத்துக்கு ஒரு கிடாவாக, சுற்றுமுறையில் இருந்தால் பயனுறு எண்ணிக்கை 36, உறவுக்கலப்பு 1.4 விழுக்காடு. ஏழைகளிடம் பரவிக் கிடக்கும் மந்தை, ஒருவரிடம் குவிந்த மந்தையைவிட இனத்தை நன்றாகக் காக்கும். இது நியாயத்துக்காக மட்டும் சொல்லப்படுவதன்று; கூட்டல் பெருக்கல் சொல்வது. பத்துக் குடும்பங்களின் கூட்டமைப்பை ஓர் அலகாக ஏற்று மானியம் தர வேண்டும் என்னும் கோரிக்கையை இந்தக் கணக்கின் வலுவோடு முன்வைக்கலாம்.

மாநில அரசின் விலையில்லா ஆடு திட்டம் 2011இல் தொடங்கி ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் தந்தது. பின்னர் கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்கு ஐந்து ஆடுகள் வீதம் 75.63 கோடி ரூபாயில் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆட்டைப் பெண்ணின் பெயரில் சொத்தாக்கியதில் இவற்றின் பங்கு மதிக்கத்தக்கது. ஆனால் இவை எண்ணிக்கையை எண்ணிய அளவுக்கு இனத்தை எண்ணவில்லை. விளாத்திகுளத்தில் வழங்கும் ஆடு வேம்பூர் ஆடாகவும், அது அவ்வட்டாரச் சிறு வளர்ப்பாளரிடமிருந்தே வாங்கியதாகவும் இருந்தால் ஒரே செலவில் இரண்டு பயன் விளையும்.

தாட்கோவின் இரண்டு வாயில்களும் குறிப்பிடத்தக்கவை. 2023இல் வந்த நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடி வேளாண் தொழிலாளப் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 இலட்சம் ரூபாய் மானியம் தருகிறது. முதலமைச்சரின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் தொழில் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 இலட்சம் மானியம் உண்டு. ஆட்டுப் பண்ணையையும் இதில் கேட்டுப் பார்க்கலாம். முன்னதன் தடை, விற்பதற்கு ஆள் கிடைப்பது. சாதி இந்துக்கள் தம் நிலத்தைத் தலித் பெண்ணுக்கு விற்க மறுத்தால் மானியம் தாளில்தான் இருக்கும். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் மீட்கப்பட்டால் இந்த இரந்து வாங்கும் நிலையே வராது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மேய்ச்சல் நிலமும் சட்டமும்

பொதுநிலம் பல முனைகளில் சுருங்குகிறது. தரிசு என்று ஆவணம் சொல்லும் நிலம் மேய்ப்பவருக்குத் தரிசன்று. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. சூரிய மின்சாரத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இத்தகைய நிலப்பரப்பு கம்பி வேலிக்குள் போகும்போது இழப்பீட்டுப் பட்டியலில் பட்டாதாரர் பெயர் இருக்கும், மேய்த்தவர் பெயர் இராது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டின் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதனைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு வரையறுத்தது. கரிசல் காட்டு ஆட்டை இது நேரடியாகப் பெரிதும் தொடாவிட்டாலும், மேய்ச்சலை அத்துமீறலாகக் காணும் பார்வைக்கு அது வலுச் சேர்த்தது.

இவற்றைவிட அன்றாடத்தில் வதைப்பது ஊருக்குள் இருக்கும் தடை. கண்மாயில் ஊர் ஆடு தண்ணீர் குடித்த பிறகே சேரி ஆடு இறங்க வேண்டும் என்பது, பொதுப்பாதையில் ஆடு ஓட்டினால் வழிமறிப்பது, புறம்போக்கை வளைத்து வேலியிட்டுவிட்டு உள்ளே நுழைந்த ஆட்டைப் பிடித்துத் தண்டம் கேட்பது ஆகியவை தனிப்பட்ட சச்சரவுகளாகவே காவல் நிலையத்தில் பேசி முடிக்கப்படுகின்றன. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பட்டியல் சாதியினர் ஊரின் பொதுச் சொத்து வளங்களையும், ஆறு, ஓடை, கிணறு, குளம் போன்ற நீர்நிலைகளையும், பாதைகளையும் மற்றவர்க்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது பிரிவு 3(1)(இசட்.ஏ)இன் கீழ்க் குற்றம். மேய்ச்சல் புறம்போக்கு பொதுச் சொத்து வளமே. வழக்குப் பதியும்போது இந்தப் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் இடம்பெறுகிறதா என்று பார்ப்பது களப்பணியாளரின் கடமை.

ஆக்கிரமிப்பு அகற்றல் குறித்தும் ஒரு தெளிவு தேவை. பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. இத்தீர்ப்பைக் காட்டிச் சேரியோரக் குடிசைகளையும் ஆட்டுப் பட்டிகளையும் மட்டும் இடிக்க வருவதுண்டு. அரசு அறிவிக்கையின் கீழ் நிலமற்ற தொழிலாளர்க்கோ பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கோ குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தை முறைப்படுத்தலாம் என்று அதே தீர்ப்பு விதிவிலக்கு அளித்துள்ளது. அந்தப் பத்தியைப் படியெடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது.

வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையே காட்டுவோம். ஊரின் ஒவ்வொரு புல எண்ணும் எந்த வகைப்பாட்டில் உள்ளது, பரப்பு எவ்வளவு என்பது அதில் இருக்கும். மேய்ச்சல் புறம்போக்கு என்று எழுதப்பட்ட எண்களைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தோடு நேரில் நடந்து பார்த்தால், இன்று எத்தனை ஏக்கர் மேய்ச்சலுக்கு எஞ்சியுள்ளது, மீதி யார் வேலிக்குள் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பதிவேட்டைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். அந்தப் பட்டியலோடு, வாரத்துக்கு வளர்ப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், எத்தனை வேம்பூர்ப் பெட்டையும் கிடாவும் வைத்துள்ளனர் என்னும் கணக்கையும் வளர்ப்பவர் பெயரிலேயே எடுத்து, ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கக் கோரலாம். இரண்டையும் கிராம சபையில் தீர்மானமாக வைப்பதற்கு ஆண்டில் ஆறு நாள்கள் உள்ளன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1.